அடுக்கு வீட்டின் தரமும் அடக்க விலையும்

நம் முன்னோர் ஒரு வீட்டின் தரத்தை அதன் கூரையைக் கொண்டே பெயரிட்டு வழங்கினர். கூரை வீடு, ஓட்டு வீடு, மச்சு வீடு, மாடி வீடு என்னும் சொற்கள் காதில் விழுந்த அளவிலேயே, அவ்வீட்டாரின் செல்வநிலை இன்னது, அவ்வீட்டைக் கட்ட ஏறக்குறைய இவ்வளவு செலவாகியிருக்கும் என்பது கேட்பவர் உள்ளத்தில் ஒருவாறு புலனாகிவிடும். வடநாட்டில் 'கச்சா', 'பக்கா' என்னும் இரு சொற்களே இவ்வேலையைச் செய்தன. நாட்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்பும் சுவரும் கூரையும் எப்பொருளால் ஆனவை என்று வினவியே வீடுகளை நிலையானவை, ஓரளவு நிலையானவை, தற்காலிகமானவை என்று வகுத்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கூரை என்று வாழ்ந்த காலத்துக்கு இவ்வழக்குப் போதுமானதாகவே இருந்தது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒருவர் தலைக்குமேல் ஒருவராக வாழும் அடுக்கு வீடு வந்தபின் இது பயன்படாமற் போயிற்று. மூன்றாம் மாடியில் உறங்குகிறவருக்குத் தம் கூரையினும் தரைத்தளத்துத் தூண் முக்கியமானது. அத்தூணையோ அவர் ஒருநாளும் கூர்ந்து பார்த்ததில்லை.

பம்பாய், தில்லி, ஆமதாபாத் முதலிய நகரங்களுக்கு உத்தியோகத்தின் பொருட்டுச் சென்ற தமிழர்களிற் பலர் குடியேறியது இத்தகைய வீடுகளிலேதான். தரைத்தளமும் அதன்மேல் மூன்று நான்கு மாடிகளும், லிஃப்டு இல்லாத படிக்கட்டும், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியும் என்பதே இவற்றின் பொது வடிவம். வாடகைக்கு இருந்து காலங்கழித்தவரும் உண்டு. சேமநிதியையும் ஊரில் நிலம் விற்ற பணத்தையும் ஒன்றுசேர்த்து விலைக்கு வாங்கியவரும் உண்டு. வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் ஸ்தாபனம் மதிப்பீட்டாளர் ஒருவரை அனுப்புகிறது. அவர் சிறிது நேரம் சுற்றிப் பார்த்து, நாடாவால் அளந்து, 'கட்டுமானத் தரம்' என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதிவிட்டுச் செல்கிறார். ஒருவருடைய ஆயுட்காலச் சேமிப்பு அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. அச்சொல் எதை அளந்து எழுதப்படுகிறது, அவ்வளவை எங்கிருந்து வந்தது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுவது.

முதற்கண் ஒன்று. விலை, மதிப்பு, அடக்கம் என்று தமிழில் மூன்று சொற்கள் உள்ளன. நம் கடைக்காரர்கள் இவற்றை ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஒரு பொருளை உண்டாக்க ஆன செலவு அடக்கம். சந்தையில் அது பெறுவது விலை. அதனால் விளையும் பயனைக் கருதிச் சொல்வது மதிப்பு. அரசாங்கத் தாள்களை மொழிபெயர்க்கும் நம்போன்றோர்க்கு இவ்வேறுபாடு அன்றாடம் தலைவலியாவது. ஏனெனில் கட்டிட மதிப்பீட்டுத் தாள்களில் இம்மூன்றும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுந்து உட்கார்ந்திருக்கும். இக்கதையின் பாதி அக்குழப்பத்தின் கதையே.

பம்பாயிலிருந்து தொடங்குவோம். 1896-இல் அந்நகரில் பிளேக் நோய் பரவிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத 'சால்' கட்டிடங்களில் மக்கள் நெருங்கி வாழ்ந்ததே நோய் கொள்ளையாகப் பரவக் காரணம் என்று அதிகாரிகள் முடிவு செய்து, 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு என்னும் ஸ்தாபனத்தை நிறுவினர். வடக்கே வயலும் தோப்புமாக இருந்த தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் தெருக்களை வகுத்து மனைகளைக் குத்தகைக்கு விட்டது இந்த டிரஸ்டே. இருபதுகளிலும் முப்பதுகளிலும் மாட்டுங்காவில் எழுந்த மூன்று நான்கு நிலைக் கட்டிடங்களில் தென்னாட்டுக் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் தட்டெழுத்தர்களும் குடிபுகுந்தனர். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக் காப்பிக் கொட்டை வறுக்கும் மணமும் கோயில் மணியோசையும் பரவியது இதன் பின்னரே.

டிரஸ்டின் கண்ணில் ஒரு கட்டிடத்தின் தரம் என்பது காற்றும் வெளிச்சமுமே ஆகும். அறுபத்து மூன்றரைப் பாகை விதி என்று ஒன்று அக்காலத்தில் பேசப்பட்டது. சுவரின் அடியிலிருந்து அக்கோணத்தில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தால் அது எதிர்க் கட்டிடத்தின் உச்சியில் முட்டாமற் செல்லவேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், எதிர்க் கட்டிடத்தின் உயரத்திற் பாதியளவேனும் நடுவே வெற்றிடம் இருக்கவேண்டும் என்பதே இதன் பொருள். நோயை ஓட்ட இது நல்ல விதி. ஆனால் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதைப்பற்றி இவ்விதி ஒன்றும் பேசவில்லை.

சுவருக்குள்ளோ பெரிய மாறுதல் ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. பழைய பம்பாய்க் கட்டிடங்கள் தேக்குமரச் சட்டங்களை நிறுத்தி, இடையே செங்கல் அடைத்து, சுண்ணாம்புக் காரை பூசி எழுப்பப்பட்டவை. பிறகு இரும்பு உத்தரங்கள் வந்தன. 1914-இல் போர்பந்தரில் சிமெண்டு உற்பத்தி தொடங்கிற்று. 1927-இல் காங்கிரீட்டைப் பரப்புவதற்கென்றே இந்திய காங்கிரீட் சங்கம் தோன்றிற்று. 1936-இல் பத்து சிமெண்டுக் கம்பெனிகள் ஒன்றாய் இணைந்தன. முப்பதுகளில் கடற்கரைச் சாலையிலும் மாட்டுங்காவிலும் எழுந்த கட்டிடங்களிற் பல கம்பியிட்ட காங்கிரீட்டால் ஆனவை. மர வீட்டின் நலிவு கண்ணுக்குத் தெரியும். கரையான் அரித்த தூணைத் தட்டினால் ஓசையே சொல்லிவிடும். காங்கிரீட் அப்படியன்று. மணல் நல்லதா, தண்ணீர் மிகுதியாக ஊற்றினரா, கம்பியின்மேல் போதிய காங்கிரீட் போர்வை உண்டா, வார்த்தபின் ஏழெட்டு நாளாவது நீராற்றினரா என்பனவெல்லாம் வார்த்த அன்று உடனிருந்த மேஸ்திரிக்கும் கொத்தனாருக்குமே தெரியும். பூச்சு ஏறிய மறுநாள் அவ்வுண்மை மறைந்துவிடுகிறது. இருபது முப்பது ஆண்டு கழித்துத் துருவாக வெளிப்படுமே யன்றி, அதற்குமுன் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. கடற்காற்றின் உப்பும் மழைநீரும் உட்புகுந்து கம்பி துருவேறும்போது அது பன்மடங்கு பருத்து, தன்னை மூடிய காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பம்பாயின் பழைய அடுக்கு வீடுகளில் குளியலறைக் கூரையிலிருந்து சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுவது இதுவே.

அக்காலத்து மதிப்பீட்டாளர் இதையெல்லாம் பாராமல், கட்டிடத்தின் வாடகையைக் கேட்டார். ஆண்டு வாடகையில் செலவு போக நின்றதை இத்தனை ஆண்டுக்கு என்று பெருக்கினால் மதிப்பு வந்துவிடும். நன்றாகக் கட்டிய வீடு நல்ல வாடகை பெறும், ஆகையால் தரம் வாடகையிலேயே அடங்கியிருக்கிறது என்பது அவர்களுடைய நியாயம். இது நெடுங்காலம் நடைபெற்றது. 1947-இல் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது இந்நியாயம் தலைகீழாயிற்று. 1940 செப்டம்பர் 1-ஆம் தேதியன்று என்ன வாடகையோ அதுவே தகுந்த வாடகை என்று சட்டம் நிலைநிறுத்தியது. யுத்த காலத்து விலையேற்றத்தில் குடித்தனக்காரர் தெருவில் நிற்காமல் காத்தது இச்சட்டம். அதில் நமக்கு ஐயமில்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய தமிழர் ஆயிரக்கணக்கானோர் இச்சட்டத்தின் நிழலிலேயே பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். ஆனால் வாடகை நின்றுவிட, சிமெண்டும் கூலியும் ஏறிக்கொண்டே போயின. வீட்டுக்காரர் பழுதுபார்ப்பதை நிறுத்தினார். வாடகையைப் பெருக்கி மதிப்பிட்டால் தேக்குத் தூண்கள் நிறைந்த உறுதியான கட்டிடம் ஒன்று தன் அடியிலுள்ள மனையின் விலையைக்கூடப் பெறவில்லை. இடித்தால் இலாபம், காத்தால் நஷ்டம் என்னும் நிலை இவ்வாறு பிறந்தது. கட்டிடத்தின் உடலை ஒருவரும் பரிசோதிக்காமலேயே அதன் ஆயுள் கணக்கில் முடிந்துவிட்டது.

மழைக்காலந்தோறும் கட்டிடங்கள் சரிந்து விழத் தொடங்கியபின், அரசாங்கம் 1969-இல் பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியத்துக்கான சட்டத்தை இயற்றி, பழுதுச் செலவுக்கென ஒரு தீர்வையும் விதித்தது. தீர்வைக்கு உட்பட்ட கட்டிடங்கள் 19,642. இவற்றை எவ்வாறு வகைப்படுத்தினர் தெரியுமா? 1940 செப்டம்பருக்கு முன் கட்டியவை 'ஏ' வகை, அவை 16,502. அதன்பின் 1950 முடியக் கட்டியவை 'பி' வகை, 1,489. 1951 முதல் 1969 செப்டம்பர் வரை கட்டியவை 'சி' வகை, 1,651. பிறந்த ஆண்டைக் கொண்டே வகுத்தனர். உள்ளிருக்கும் பொருளைக் கொண்டன்று. பத்தொன்பதாயிரம் கட்டிடங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க அன்று ஆளும் இல்லை, காலமும் இல்லை என்பது உண்மையே. எனினும் 1935-இல் கருத்தோடு வார்த்த காங்கிரீட்டும், சிமெண்டு பர்மிட்டுக்குக் காத்துக்கிடந்த அறுபதுகளில் மணலை மிகுத்துக் கலந்த காங்கிரீட்டும் ஆண்டுக் கணக்கில் ஒப்பிடத்தக்கவை அல்ல. சிமெண்டுக் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவும் 1989-இல் முழுமையாகவும் நீங்கிற்று. அத்தட்டுப்பாட்டுக் காலத்தில் எழுந்த கட்டிடங்களைப் பார்க்கப் போகும்போது, ஆண்டைக் கேட்டதும் சற்று நின்று பார்ப்பதே விவேகம் என்பது நம் எண்ணம்.

உடலைத் தொட்டுப் பார்க்கும் முறை மிகப் பிந்தியே வந்தது. 1992-இல் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் காங்கிரீட்டை உடைக்காமலே சோதிக்கும் இரு முறைகளுக்கு விதி வகுத்தது. ஒன்று, செவிக்கெட்டாத ஒலியலைகளைத் தூணின் ஒருபுறம் செலுத்தி மறுபுறம் வந்துசேரும் வேகத்தை அளப்பது. உள்ளே வெடிப்பும் பொந்தும் இருப்பின் ஒலி தாமதிக்கும். மற்றொன்று, வில் பொருத்திய சுத்தியலால் தட்டி, அது எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று பார்ப்பது. இவையன்றி, உடைத்த காங்கிரீட்டின்மேல் ஃபினால்ஃப்தலீன் என்னும் மருந்தைத் தெளித்தால், நலமுள்ள பகுதி செந்நிறங் கொள்ளும். காற்றின் கரியமிலம் ஏறிக் காரங்கெட்ட பகுதி நிறமின்றி நிற்கும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை எட்டிவிட்டதாயின், துருவுக்குக் கதவு திறந்துவிட்டது என்று கொள்ளலாம். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரி விதிகள், பதினைந்து முதல் முப்பது ஆண்டான கட்டிடத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதை மூன்றாண்டுக்கு ஒருமுறையும் பொறியாளரைக் கொண்டு தணிக்கை செய்யுமாறு கூறுகின்றன. மும்பை மாநகராட்சிச் சட்டத்திலும் 2009-இல் முப்பது ஆண்டு கடந்த கட்டிடங்களுக்கு இக்கடமை சேர்க்கப்பட்டது. தணிக்கையின் முடிவில் கட்டிடம் சி-1 என்றால் காலி செய்து இடிக்கத்தக்கது. சி-2 என்றால் பெரும் பழுது. சி-3 என்றால் சிறு பழுது. ஆண்டைப் பார்த்து எழுத்துக் கொடுத்த காலம் போய், உடலைப் பார்த்து எழுத்துக் கொடுக்கும் காலம் இவ்வாறு வந்தது. ஆனால் மனையின் விலை வானளாவ உயர்ந்துள்ள நகரில் சி-1 என்னும் எழுத்து யாருக்கு இலாபம் என்பதையும் குடியிருப்போர் கேட்கத்தான் செய்கின்றனர். வீட்டுக்காரர் அழைத்து வந்த பொறியாளர் ஒன்று சொல்ல, குடித்தனக்காரர் அழைத்து வந்தவர் வேறொன்று சொல்ல, வழக்கு நியாயஸ்தலம் வரை சென்ற செய்திகள் பல. சுத்தியலின் துள்ளலைப் படிப்பதிலும் சார்பு புகுந்துவிடுகிறது.

தில்லியின் கதை வேறு வகையானது. அங்கே கட்டியதும் அரசாங்கம், அளந்ததும் அரசாங்கம். 1854-இல் டல்ஹௌசி பிரபு காலத்தில் தோன்றிய பொது மராமத்து இலாகாவின் வழித்தோன்றலான மத்தியப் பொதுப்பணித் துறை, தலைநகரில் குமாஸ்தா முதல் காரியதரிசி வரை யாவருக்கும் குடியிருப்புக் கட்டியது. நாற்பதுகளில் எழுந்த லோதி காலனியும், விடுதலைக்குப்பின் எழுந்த வினய் நகரும் ராமகிருஷ்ணபுரமும் நம்மவர் பலருக்குத் தம் ஊரினும் நன்கு தெரிந்த இடங்கள். இத்துறை வளர்த்தெடுத்த கணக்கு முறையே இன்று நாடெங்கும் மதிப்பீட்டாளர் கையில் இருப்பது. ஆகையால் அதனைச் சற்று விரித்துக் கூறவேண்டும்.

ஒரு கட்டிடத்தின் அடக்கத்தைக் காண இரு வழிகள் உண்டு. தோண்டிய மண் இத்தனை கன மீட்டர், செங்கற்கட்டு இத்தனை, கம்பி இத்தனை கிலோ, பூச்சு இத்தனை சதுர மீட்டர் என்று ஒவ்வொன்றாக அளந்து, விகித அட்டவணையில் குறித்த விலையால் பெருக்கிக் கூட்டுவது ஒன்று. அளக்கும் முறையிலேயே வழக்கு எழாதிருக்க 1958 முதல் இந்தியத் தர விதி ஒன்றும் ஏற்பட்டது. இது திருத்தமானது, ஆனால் நெடுநாள் பிடிப்பது. மற்றொன்று குறுக்குவழி: சுவர்களின் கனத்தையும் சேர்த்து ஒவ்வொரு நிலையின் பரப்பையும் அளந்து, இவ்வகைக் கட்டிடத்துக்குச் சதுர மீட்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்னும் விகிதத்தால் பெருக்குவது. இப்பரப்பைப் பிளின்த் பரப்பு என்பர். 1966-இல் இதற்கும் விதி வகுக்கப்பட்டது. மத்தியப் பொதுப்பணித் துறை 1976 அக்டோபர் 1-ஐ அடியாகக் கொண்டு விகிதங்களை வெளியிட்டு, அந்நாளை நூறு என வைத்து, விலைவாசி ஏற ஏறக் குறியீட்டெண்ணால் உயர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது; பின்னர் 1992-ஐ அடியாகக் கொண்டும், அதன்பின் பலமுறையும் விகிதங்கள் புதுப்பிக்கப்பட்டன. தூணும் உத்தரமுமாகிய காங்கிரீட் சட்டகமா, சுவரே பாரந்தாங்கும் செங்கற்கட்டா என்பது முதற் பிரிவு. அதன்மேல், நிலையின் உயரம் மிகுந்தால் இவ்வளவு, ஆழ்ந்த அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, நிலநடுக்கத்தைத் தாங்கும் அமைப்புக்கு இவ்வளவு, குழாய்க்கும் மின்சாரத்துக்கும் இத்தனை விழுக்காடு என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

எண்பது குடும்பங்கள் வாழும் கட்டிடத்தின் அடக்கத்தை ஒரு பிற்பகலில் சொல்லிவிடலாம் என்னும்போது, யார்தான் இம்முறையை விரும்பார்? 1953-இன் மரணச் சொத்து வரி, 1957-இன் செல்வ வரி ஆகியவற்றின் பொருட்டு வீடுகளை மதிப்பிடவேண்டி வந்தது. 1968-இல் வருமான வரித் துறையில் மதிப்பீட்டுப் பிரிவு அமைந்தபோது அங்கே அமர்ந்தோர் பொதுப்பணித் துறையின் பொறியாளர்களே. அவர்கள் தம் விகிதப் புத்தகத்தையும் உடன் கொண்டு சென்றனர். மரணச் சொத்து வரி 1985-இலும் செல்வ வரி 2015-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தாலும் ஒழிந்தன. ஆனால் அம்முறை ஒழியவில்லை. கடன் கொடுக்கும் ஸ்தாபனங்களின் மதிப்பீட்டாளர்களிடம் அது நிலைத்துவிட்டது.

இங்கேதான் ஒரு நுட்பமான தவறு புகுந்தது என்று நாம் கருதுகிறோம். பொதுப்பணித் துறையின் விகிதம் என்பது பொதுப்பணித் துறை கட்டும் கட்டிடத்தின் விகிதம். அங்கே செங்கல் சூளையிலிருந்து வந்ததும் சோதிக்கப்படும். இருபத்து நான்கு மணி நேரம் நீரில் ஊறவைத்தால் சாதாரணச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை உறிஞ்சலாகாது. இரு செங்கற்களை மோதினால் மணியோசை கேட்கவேண்டும். காங்கிரீட் கனசதுரங்கள் வார்த்து நசுக்கிப் பார்க்கப்படும். இளநிலைப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதியதை மேலதிகாரி மீண்டும் அளப்பார். ஊழலும் சோம்பலும் அங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை; ஒழுகும் அரசாங்கக் குடியிருப்பில் வாளி வைத்து உறங்கியவர்கள் நம்முள்ளே பலர். ஆயினும் சோதனை என்பது ஒன்று இருந்தது; அதன் செலவும் விகிதத்துக்குள் அடங்கியிருந்தது. இதே விகிதத்தை, எந்த மேற்பார்வையும் இன்றி ஒரு தனிக் காண்டிராக்டர் எழுப்பிய நான்குமாடிக் கட்டிடத்தின்மேல் வைத்துப் பெருக்கும்போது, அக்கட்டிடத்தில் இல்லாத நேர்மையையும் சேர்த்தே மதிப்பிட்டவர்களாகிறோம். பிறகு மதிப்பீட்டாளர் தரத்தைக் கருதிச் சிறிது கூட்டியும் குறைத்தும் திருத்துவார். எதைப் பார்த்துத் திருத்துவார்? தரையில் சலவைக்கல்லா, கதவு தேக்கா, குளியலறையில் ஓடு பதித்திருக்கிறதா என்று பார்த்தே. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதானே. தூணின் தரத்தைக் கதவு சொல்லுமா?

தேய்மானக் கணக்கிலும் இவ்வாறே. பொதுப்பணித் துறையின் கையேடு காங்கிரீட் சட்டகக் கட்டிடத்துக்கு 75 ஆண்டும், சுவர் பாரந்தாங்கும் கட்டிடத்துக்கு 55 ஆண்டும் ஆயுள் வைத்துள்ளது. கடைசியில் இடிபொருளின் விலையாகப் பத்து விழுக்காடு நிற்கும் என்று கொண்டு, முப்பது ஆண்டான இரு கட்டிடங்களைக் கணக்கிடுவோம். முதலாவதற்குத் தேய்மானம் 36 விழுக்காடு. இரண்டாவதற்கு ஏறக்குறைய 49 விழுக்காடு. தூண் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பதின்மூன்று விழுக்காடு மதிப்பு மிகுந்துவிடுகிறது. தில்லி அபிவிருத்தி ஆணையம் 1967-இல் வீடுகள் கட்டத் தொடங்கியபின் எழுந்த நான்கு நிலைக் கட்டிடங்களில் செங்கற்சுவரே பாரந்தாங்குபவை உண்டு. இவ்வகைக் கட்டிடத்தில் கூடம் பெரிதாகட்டும் என்று உள்சுவர் ஒன்றைத் தகர்த்தவர் தம் வீட்டின் விலையை உயர்த்திக்கொண்டார். மேலே மூன்று குடும்பங்களைத் தாங்கிய தோளை வெட்டியதும் அவரே. விற்பனை விளம்பரத்தில் அது 'விசாலமான கூடம்' என்று வரும். வாங்கப் போகிறவர் தாம் வாங்கும் வீட்டை மட்டுமன்றிக் கீழ்வீட்டின் கதவையும் தட்டி, அங்கே எந்தச் சுவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு வருவதே முறை.

கணக்கும் உண்மையும் ஒன்றையொன்று எதிர்கொண்ட நாள் 2001 ஜனவரி 26. அன்று காலை 8 மணி 46 நிமிடத்துக்குக் கட்ச் பகுதியில் பசாவ் நகருக்கருகே நிலம் நடுங்கிற்று. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆமதாபாத்தில், தமிழர் பலர் நெடுங்காலமாக வாழும் மணிநகர் உள்ளிட்ட பகுதிகளில், அடுக்கு வீடுகள் நொடிப்பொழுதில் தரையோடு அமர்ந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். விழுந்தவற்றுட் பெரும்பாலானவை தரைத்தளமும் நான்கு மாடியும் உடையவை, பழையனவும் அல்ல. மதிப்பீட்டு அட்டவணைப்படி அவை காங்கிரீட் சட்டகங்கள். இன்னும் அறுபது ஆண்டு வாழவேண்டியவை. பழைய நகரின் 'போள்' எனப்படும் சந்துகளில் மரச்சட்டமும் செங்கல்லுமாய் நின்ற முதுவீடுகள், அட்டவணைப்படி ஆயுள் முடிந்தவை, பெரும்பாலும் நின்றன.

பின்னர் பொறியாளர்கள் இடிபாடுகளை ஆராய்ந்தபோது கண்டவை இவை. வண்டிகள் நிறுத்துவதற்காகத் தரைத்தளம் சுவரின்றித் தூண்களாகவே விடப்பட்டிருந்தது. மேல்நிலைகளிலோ சுவர்கள் அடர்ந்திருந்தன. நிலம் ஆடியபோது மேற்பகுதி ஒரே பெட்டிபோல் அசைய, அவ்வசைவு முழுவதும் அந்த மெல்லிய கால்களின்மேல் இறங்கிற்று. மாடிகள் தரைத்தளத் தூண் வரிசைக்கு வெளியே நீட்டிக் கட்டப்பட்டு, அந்த நீட்சியின் நுனி உத்தரத்தின்மேல் புதிய தூண்கள் எழுப்பப்பட்டிருந்தன. நிலத்தைத் தொடாத தூண்கள் அவை. சுவருக்குள் மறையவேண்டும் என்பதற்காகத் தூணின் அகலத்தை ஒன்பது அங்குலமாகக் குறுக்கியிருந்தனர். எல்லாவற்றிலும் சிறியது ஒன்று. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் நுனி, 135 பாகை வளைந்து காங்கிரீட்டின் நடுப்பகுதிக்குள் புகவேண்டும். விழுந்த தூண்களில் அது 90 பாகையில் நின்றது; அதிர்ச்சியில் வளையங்கள் அவிழ்ந்தன. கம்பி வளைப்பவர் கைமுறுக்கில் இன்னும் கால்வட்டத்தில் பாதி. அதற்காகும் கூடுதற் கம்பி விரலளவு. அடக்க விலையில் அதற்கென்று ஒரு பத்தியும் கிடையாது.

இதை வெறும் காண்டிராக்டரின் குற்றம் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. வளையக் கம்பியின் முறையை விதித்த இந்தியத் தர விதி 1993-இல் வெளிவந்ததாயினும், ஆமதாபாத் அடங்கிய மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சாதாரணக் குடியிருப்புக்கு அது ஐந்து நிலைகளுக்கு மேற்பட்டிருந்தால்தான் பொருந்தும் என்றே அதில் எழுதியிருந்தது. தரைத்தளமும் நான்கு மாடியும் சேர்ந்தால் ஐந்து நிலை, மேற்படவில்லை. லிஃப்டின் செலவை மிச்சம்பிடிக்க ஏற்பட்ட அந்த உயரமே விதியின் கண்ணிலிருந்தும் தப்பிற்று. 2002-இல் விதிகள் திருத்தப்பட்டன. மூன்றாம் மண்டலத்துக் கட்டிடங்கள் யாவற்றுக்கும் வளையக் கம்பியின் முறை பொருந்துவதாயிற்று. திறந்த தரைத்தளமுடைய கட்டிடத்தில் அத்தளத்துத் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கில் வரும் விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கவேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 2016-இல் இயற்றப்பட்ட வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், கட்டமைப்பில் காணும் குறைக்கு வீட்டை ஒப்படைத்த நாள் முதல் ஐந்தாண்டு வரை கட்டியவரே பொறுப்பு என்கிறது. துரு வெளிப்பட இருபது ஆண்டும், நிலநடுக்கம் வர எத்தனை ஆண்டோ ஆகும் என்பதை நோக்க ஐந்தாண்டு சிறிதே. முன்பு அதுவும் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

2001-க்குப்பின் ஆமதாபாத்தில் நின்ற கட்டிடங்கள் பலவற்றில் தரைத்தளத் தூண்களுக்குப் புதிய கம்பி கட்டி, மேலும் காங்கிரீட் வார்த்துப் பருக்கச் செய்தனர். மாடித் தூண் மெலிந்தும் கீழ்த்தூண் தடித்தும் நிற்கும் அக்கட்டிடங்களை இன்றும் அந்நகரில் காணலாம். அவற்றுட் சில முறையாகச் செய்தவை. பழைய பூச்சை நீக்கி, கொத்திச் சொரசொரப்பாக்கி, புதிய கம்பியை அஸ்திவாரத்திலும் மேல்தளத்திலும் பிணைத்தவை. வேறு சிலவற்றில் புதிய கம்பி தரையில் தொடங்கி உத்தரத்துக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிடுகிறது. வெளியே பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே பருத்திருக்கும். வீடு பார்க்கச் செல்லும் நேயர் மாடிக்கு ஏறுமுன் வண்டி நிறுத்துமிடத்தில் சற்று நின்று, தூண் உத்தரத்தைச் சேரும் மூலையை விளக்கடித்துப் பார்க்கட்டும். பழுதுபார்த்தபோது எடுத்த வரைபடமும் பொறியாளரின் சான்றும் சங்கத்துக் காரியதரிசியிடம் இருக்கவேண்டும். அவற்றைக் கேட்டு வாங்கி, மதிப்பீட்டாளரிடம் கொடுத்த பின்னரே 'கட்டுமானத் தரம்' என்ற கட்டத்தை அவர் நிரப்பட்டும்.